காந்தளூர்ச் சாலை முதல் திருநந்திக்கரை வரை

திருவனந்தபுரத்தில் கிழக்குக் கோட்டை வாயிலை விட்டுக் கிள்ளிப்பாலம் நோக்கி நடப்பவர் சாலைக் கடைத்தெருவின் வழியே செல்கின்றார். ‘சாலை’ என்பதே அக்கடைத்தெருவின் பெயர். மளிகைக் கடைகளும், பாத்திரக் கடைகளும், வெற்றிலைக் கட்டுகளும், தோவாளையிலிருந்து வந்திறங்கும் பூக்கூடைகளும் நெருங்கி நிற்கும் அத்தெருவில் தமிழ் ஒலி ஓய்வதே இல்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும் நாகர்கோவில் பக்கத்திலிருந்தும் வந்து பல தலைமுறைகளாக அங்கு வாணிகம் செய்துவரும் குடும்பங்கள் பல உள்ளன. அவர்களிடம் பிறர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. தில்லிக் கரோல் பாகிலும் மும்பை மாதுங்காவிலும் வாழும் நேயர்களுக்கும் அக்கேள்வி புதிதன்று. “நீங்கள் இங்கு எப்போது வந்தீர்கள்?” என்பதே அது.

எளிய கேள்விதான். ஆயினும் சாலையில் நின்றுகொண்டு அதற்கு விடைகூறப் புகுவோமாயின், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு அப்பால் சென்று திரும்ப வேண்டியிருக்கும். அவ்விடையைத் தேடி, கிடைத்த விடுமுறையில் ஐந்து நாட்கள் நடந்தேன். சாலையில் தொடங்கி, நெய்யாற்றங்கரை, களியக்காவிளை, முஞ்சிறை, சிதறால் வழியாகத் திருநந்திக்கரை என்னும் மலையடிவாரச் சிற்றூரில் அந்நடை முடிந்தது. பேருந்தில் செல்வோர் நெடுஞ்சாலையை மட்டுமே காண்பர். இந்நாட்டின் பழஞ்சாசனங்களோ நெடுஞ்சாலையை விட்டு விலகிய சிற்றூர்களில் இருக்கின்றன. அவற்றை நாடுவோர் நடப்பதே நன்று.

முதலில் ‘சாலை’ என்னும் சொல்லை நோக்குவோம். இன்று நாம் அதனை வழி என்னும் பொருளில் வழங்குகின்றோம். பழைய வழக்கில் அது பெரும்பாலும் ஒரு கூடத்தையோ நிலையத்தையோ குறித்தது. அறச்சாலை, பாடசாலை, வேள்விச்சாலை என்னும் தொடர்களில் அப்பொருள் இன்றும் உயிருடன் இருக்கின்றது. கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் தென்கோடி நாட்டில் சாலை என்றால், மாணவர்கள் உண்டு உறைந்து கற்ற நிலையம் என்பதே பொருள். அத்தகைய சாலைகளுள் பெரும் புகழ் பெற்றது காந்தளூர்ச் சாலை. இன்றைய சாலைக் கடைத்தெருவை அடுத்து வலியசாலை என்னும் பகுதி இருக்கின்றது. அங்குள்ள சிவன் கோயில் இன்றும் காந்தளூர் மகாதேவர் கோயில் என்றே வழங்கப்படுகின்றது. இதனைக் கொண்டு பழைய காந்தளூர்ச் சாலை இவ்விடத்தே இருந்தது என்று ஆராய்ச்சியாளர் பலர் துணிந்தனர். கடற்கரையை ஒட்டி வேறிடம் காட்டுவோரும் உளர். ‘மனோன்மணீயம்’ தந்த பேராசிரியர் சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரத்தில் இருந்தபடியே திருவிதாங்கூரின் பழைய மன்னர்களைக் கல்வெட்டுகள் கொண்டு ஆராய்ந்தார். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை காந்தளூர்ச் சாலையைப் பற்றித் தனி நூலே எழுதினார். கவிமணியைப் பாட்டால் மட்டும் அறிந்தோர் அவருடைய ஆராய்ச்சி முகத்தையும் அறிந்துகொள்ளல் வேண்டும்.

முதலாம் இராசராச சோழன் 985ஆம் ஆண்டு அரியணை ஏறினான். அவனுடைய தொடக்ககாலக் கல்வெட்டுகளே காந்தளூர்ச் சாலையில் அவன் ‘கலம் அறுத்த’ செய்தியைப் பெருமையுடன் கூறத் தொடங்கிவிடுகின்றன. ஏனைய வெற்றிகள் எல்லாம் பின்னர்ச் சேர்ந்தவை. இத்துணைச் சிறப்புடன் கூறப்படும் அச்செயல்தான் யாது? இங்கேதான் மொழிபெயர்ப்பாளன் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு யோசிக்க வேண்டியிருக்கின்றது.

கலம் என்பது மரக்கலம். ஆகவே துறைமுகத்தில் நின்ற சேரர் கப்பற்படையை அழித்தான் என்பது ஒரு சாரார் கொள்கை. நெடுங்காலம் பாடநூல்களில் இடம்பெற்றதும் இதுவே. கலம் என்பது உண்கலம். அறுத்தல் என்பது வரையறுத்தல். ஆகவே சாலையில் உண்போர் தொகையையும் உரிமையையும் அவன் வரையறை செய்தான் என்பது மற்றொரு கொள்கை. சாலையின் உரிமைகளையே பறித்தான் என்போரும் உண்டு. இராசராசனுக்குப் பின் வந்த இராசாதிராசனும் முதற்குலோத்துங்கனும் தாமும் காந்தளூர்ச் சாலையில் கலம் அறுத்ததாகக் கூறிக்கொள்கின்றனர். ஒரே கப்பற்படையை மூன்று தலைமுறையாக அழித்துக்கொண்டே இருந்தனரா என்று கேட்கத் தோன்றுகின்றது. அதே வேளையில், உணவுப் பந்தியை ஒழுங்கு செய்ததை ஒரு பேரரசன் தன் முதல் வெற்றியாகப் பறைசாற்றுவானா என்ற ஐயமும் எழாமல் இல்லை. இவ்வழக்கில் தீர்ப்புக் கூற முயல்வதைவிட, அக்காலத்துச் சாலை எப்படிப்பட்டது என்பதை நேரில் கூறும் சாட்சி ஒன்றைத் தேடிச் செல்வதே தக்கது. அச்சாட்சி காந்தளூரில் இல்லை. தெற்கே பார்த்திவபுரத்தில் இருக்கின்றது. அதனால்தான் அவ்வழியே நடக்க வேண்டியதாயிற்று.

சாலைக் கடைத்தெருவை இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தவர் திவான் இராசா கேசவதாசர். அவர் 1789 முதல் 1798 வரை திருவிதாங்கூரின் திவானாக விளங்கியவர். ஆலப்புழைத் துறைமுகத்தை வளர்த்தவரும் அவரே. பிறந்த ஊர் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு வட்டத்தைச் சேர்ந்த குன்னத்தூர் என்பர். தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்திற்கு மாறிய காலம் அது. மாறிவந்த அரண்மனைக்கும் அலுவலகங்களுக்கும் அரிசியும் துணியும் உப்பும் வேண்டுமன்றோ? தெற்கிலிருந்து வணிகர்கள் வந்தனர். ஆகவே சாலைத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வரவு அரசாங்கத்தின் இடமாற்றத்தோடு தொடர்புடையது. மைய அரசின் ஊழியர்கள் இதனைப் படித்துப் புன்னகை செய்யக்கூடும்.

கிள்ளியாற்றையும் கரமனையாற்றையும் கடந்தால் நெடுஞ்சாலை தென்கிழக்காகத் திரும்பி நெய்யாற்றங்கரைக்குச் செல்லுகின்றது. ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். இவ்வழியே ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன் ஓர் ஊர்வலம் எதிர்த்திசையில் வருகின்றது. பத்மநாபபுரத்துச் சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் யானை மீதும் பல்லக்கிலும் எழுந்தருளி, குழித்துறையில் ஓரிரவும் நெய்யாற்றங்கரையில் ஓரிரவும் தங்கித் திருவனந்தபுரத்தை அடைகின்றனர். குமாரசுவாமி தங்குமிடம் சாலையை அடுத்த ஆரியசாலைக் கோயில். நங்கை தங்குமிடம் செந்திட்டை. இந்தச் சரசுவதி கம்பர் வழிபட்டது என்பது இந்நாட்டில் வழங்கும் மரபு. அம்மரபைச் சாசனத்தால் மெய்ப்பிக்க இயலாது. ஆயினும் கம்பரைத் தங்கள் வீட்டுத் தெய்வத்தோடு சேர்த்துக்கொள்ள மலையாள அரசகுலம் விரும்பியது என்னும் செய்தி ஒன்றே போதாதா?

நெய்யாற்றங்கரைக் கிருட்டிணன் கோயில் வளாகத்தில் ‘அம்மச்சிப் பிலாவு’ என்னும் பழைய பலாமரத்தின் எச்சத்தைக் காத்து வைத்திருக்கின்றனர். பகைவர் துரத்தியபோது இளவரசராயிருந்த மார்த்தாண்ட வர்மர் அதன் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது கதை. அவ்வரசரை வைத்து சி. வி. இராமன் பிள்ளை எழுதிய ‘மார்த்தாண்டவர்மா’ என்னும் மலையாள நாவல் 1891ஆம் ஆண்டு வெளிவந்தது. ‘மனோன்மணீயம்’ அச்சேறியதும் அதே 1891. ஒரே ஊரில், ஒரே ஆண்டில், மலையாளத்தின் முதல் வரலாற்று நாவலும் தமிழின் பெருநாடகமும் பிறந்தன. மாநிலக் கல்வித்துறைகள் இவ்விரு நூல்களையும் வெவ்வேறு வகுப்பறைகளில் வைத்துவிட்டன. திருவனந்தபுரத்துத் தமிழ்ப் பிள்ளைகளேனும் இரண்டையும் சேர்த்துப் படிக்கலாகாதா?

பாறசாலையைக் கடந்ததும் களியக்காவிளை. கேரளத்தின் எல்லை முடிந்து தமிழ்நாட்டின் எல்லை தொடங்குவது அங்கே. நடந்து செல்பவனுக்கு அறிவிப்புப் பலகைகளின் எழுத்து மாறுகின்றது. நிலத்தில் மாற்றம் ஒன்றும் இல்லை. அதே செம்மண், அதே வாழை, அதே மரச்சீனி. பேச்சும் அப்படியே. எல்லைக்கு இப்புறம் ஒரு தேநீர்க் கடையில் ஒருவர் மலையாளத்தில் கேட்க, மற்றவர் தமிழில் விடையிறுக்க, இருவரும் அதனை ஒரு செய்தியாகவே எண்ணாமல் உரையாடிக்கொண்டிருந்தனர். அங்கே மொழிபெயர்ப்பாளனுக்கு வேலை இல்லை.

ஆயினும் இந்த எல்லை எளிதில் வந்ததன்று. களியக்காவிளையிலிருந்து தென்புறமாகப் பிரியும் கிளைவழியில் சென்றால் புதுக்கடை என்னும் ஊர் வருகின்றது. திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்துத் தமிழ் வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று மார்சல் நேசமணி முதலியோர் தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு நடத்திய போராட்டத்தின்போது, 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறையினர் சுட்டதில் பலர் உயிரிழந்தனர். அப்போது முதலமைச்சராக இருந்தவர் பட்டம் தாணுப் பிள்ளை. அவருடைய கட்சியின் பொதுச்செயலாளராக இருந்த இராம் மனோகர் லோகியாவே, சொந்தக் கட்சியின் அரசு பதவி விலக வேண்டும் என்று கேட்டார். இந்திய அரசியலில் அரிதாகக் காணும் காட்சி இது. 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களும் பிரிந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றங்கரை, தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்திலேயே நின்றன.

எல்லை கோட்டைப் போன்றது. வாழ்க்கை ஆற்றைப் போன்றது. பத்மநாபபுரம் தமிழ்நாட்டில் இருக்கின்றது. ஆனால் அங்குள்ள அரண்மனையைக் காத்து வருவது கேரள அரசின் தொல்பொருள் துறை. நவராத்திரி ஊர்வலத்திற்கு இரு மாநிலக் காவலரும் மரியாதை செய்கின்றனர். இத்தகைய ஏற்பாடு உலகில் வேறு எங்கேனும் உண்டா என்று தேடினால், பிரனீசு மலையடிவாரத்தில் பாஸ்கு மக்கள் வாழும் நாட்டில் ஒன்று அகப்படுகின்றது. அண்டை மொழி எதனோடும் உறவு காட்ட முடியாத பழைய மொழியைப் பேசுவோர் அவர்கள். பிரெஞ்சு நாட்டிற்கும் ஸ்பெயினுக்கும் இடையே 1659ஆம் ஆண்டு உண்டான பிரனீசு உடன்படிக்கை அவர்களுடைய ஊர்களுக்கு நடுவே செல்லும் எல்லையை உறுதி செய்தது. மலையடிவாரத்துச் சிற்றூர்கள் வழியே நடந்து செல்வோர் காலையில் ஒரு நாட்டிலும் மாலையில் மற்றொரு நாட்டிலும் அதே பாஸ்கு மொழியைக் கேட்கலாம். அவ்வுடன்படிக்கை கையெழுத்தானது பிதாசோவா ஆற்றின் நடுவே உள்ள ஃபெசன்ட் தீவில். மக்கள் குடியிருப்பு இல்லாத அச்சிறு தீவு ஆண்டில் ஆறு மாதம் ஒரு நாட்டின் பொறுப்பிலும் ஆறு மாதம் மற்ற நாட்டின் பொறுப்பிலும் இருந்து வருகின்றது. பத்மநாபபுரத்து ஏற்பாட்டில் இந்த மாற்றி மாற்றிக் காக்கும் தொல்லையும் இல்லை. நம்மவர் இதனை வாதாடாமல் நடத்திவருவது பாராட்டத்தக்கது.

புதுக்கடைக்கு அருகே முஞ்சிறை. முஞ்சிறைக்கு அண்மையில் பார்த்திவபுரம். தென்னந்தோப்புகளுக்கு நடுவே அமைதியான ஒரு திருமால் கோயில். காந்தளூர்ச் சாலையைப் பற்றிய நம் சாட்சி இவ்வூரைப் பற்றியதே.

இந்நாட்டை அக்காலத்தில் ஆண்டவர்கள் ஆய் மரபினர். சங்க காலத்தில் பொதியில் மலைச்சாரலில் ஆய் அண்டிரன் ஆண்டான். அவனை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடியவை புறநானூற்றில் உள்ளன. புலவரின் பெயரை நோக்குவோர், அவர் உறையூரிலிருந்து பொதியில் வரை எவ்வாறு வந்தாரோ என்று வியவாமல் இரார். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி என்னும் கிரேக்க நிலநூலார் குமரிமுனையை உள்ளிட்ட பகுதியை ஆய் நாடு என்றே குறித்தார். அம்மரபில் வந்த கருநந்தடக்கன் 866ஆம் ஆண்டு வெளியிட்ட செப்பேடு நெடுங்காலம் திருவனந்தபுரத்து ஹுசூர்க் கச்சேரியில் இருந்தது. அதனை ஆராய்ந்து பதிப்பித்தவர் திருவிதாங்கூர்த் தொல்பொருள் துறையின் து. அ. கோபிநாத ராவ்.

அச்செப்பேடு கூறுவது இது. அரசன் முஞ்சிறைச் சபையாருக்கு வேறு நிலம் கொடுத்து, அவர்களுக்கு உரியதாயிருந்த உழக்குடிவிளை என்னும் நிலத்தை ஈடாகப் பெற்றான். அதில் திருமாலுக்குக் கோயில் எடுத்துப் பார்த்திவசேகரபுரம் எனப் பெயரிட்டான். தொண்ணூற்றைந்து சட்டர்க்கு ஒரு சாலையும் அமைத்தான். சட்டர் என்போர் மாணவர். அவர்களுள் நாற்பத்தைந்து இடம் ஒரு வேதக் கிளையார்க்கும், முப்பத்தாறு இடம் தைத்திரீயர்க்கும், பதினான்கு இடம் தலவகாரர்க்கும் எனப் பிரிக்கப்பட்டன. சாலையின் நடைமுறை எல்லாம் காந்தளூரின் முறைப்படி இருத்தல் வேண்டும் என்பது ஆணை. காந்தளூர்ச் சாலை 866க்கு முன்னரே பிறர் பின்பற்றத்தக்க முன்மாதிரியாக வளர்ந்திருந்தது என்பது இதனால் தெளிவாகும்.

இடம்பெற விரும்பும் சட்டர்க்குச் சில தகுதிகள் வேண்டப்பட்டன. இலக்கணப் புலமை வேண்டும். மீமாம்சை அறிவு வேண்டும். புரோகிதத் தொழில் தெரிதல் வேண்டும். இவை எதிர்பார்க்கத்தக்கவையே. இவற்றோடு ‘திரைராஜ்ய வியவகாரம்’ என்று ஒன்றையும் செப்பேடு சேர்த்துக் கூறுகின்றது. மூன்று அரசுகளின் நடைமுறை என்பது அதன் பொருள். சேர, சோழ, பாண்டிய அரசுகள் என்றே ஆராய்ச்சியாளர் விளக்குவர்.

இத்தொடரின் முன் நான் நீண்ட நேரம் நின்றேன். ‘வியவகாரம்’ என்பதை வழக்கு என்பதா, ஆட்சிமுறை என்பதா, கொடுக்கல் வாங்கல் என்பதா? மூன்றும் பொருந்தும். எதை எடுத்தாலும், தென்கோடியில் ஒரு சிற்றரசனின் கல்விநிலையத்தில் இடம்பெறுவதற்கே அண்டையில் உள்ள மூன்று பேரரசுகளின் நடப்பு தெரிந்திருத்தல் வேண்டும் என்று விதித்தனர். ஆய் நாடு பெரியது அன்று. வடக்கே சேரரும், வடகிழக்கே பாண்டியரும், அப்பாற் சோழரும் நெருக்கிக்கொண்டிருந்த இடுக்கு அது. விழிஞத்துக் கோட்டையைப் பாண்டியர் முன்னரே ஒரு முறை தாக்கி அழித்திருந்தனர். அத்தகைய நிலத்தில் வாழ்பவன் தன் வீட்டு வழக்கத்தோடு நின்றுவிட முடியாது. அடுத்தவன் மொழியையும் வழக்கையும் அறிந்தால்தான் வாழ்வு. சாலைக் கடைத்தெருவில் மூன்று மொழியில் கணக்குச் சொல்லும் மளிகைக் கடைக்காரரை நினைத்துக்கொண்டேன். அவர் ஒரு பழைய தேர்வில் தேறியவர் என்றே தோன்றியது.

செப்பேட்டின் ஒழுங்கு விதிகளும் சுவையானவை. சட்டர்கள் தமக்குள் பிணங்கினால் தண்டம் கட்ட வேண்டும். கூட்டத்திற்கு ஆயுதத்துடன் வரலாகாது. மடத்தில் பணிப்பெண்களை வைத்துக்கொள்ளலாகாது. ஆயுதத்தோடு வராதே என்று மாணவனுக்கு விதி செய்ய வேண்டியிருந்ததென்றால், அவனிடம் ஆயுதம் இருந்தது என்பதுதானே பொருள்? இதனைக் கொண்டே வரலாற்றறிஞர் எம். ஜி. எஸ். நாராயணன் போன்றோர், இச்சாலைகள் வேதத்தோடு படைக்கலப் பயிற்சியும் அளித்தவை என்று கருதினர். அப்படியாயின் இராசராசன் காந்தளூர்ச் சாலையை அடக்கியதை முதல் வெற்றியாகக் கூறிக்கொண்டதில் வியப்பொன்றும் இல்லை. கப்பல் என்றாலும் உண்கலம் என்றாலும், ஆயுதம் ஏந்தத் தெரிந்த இளைஞர் கூடிய ஒரு நிலையத்தின் கையை அவன் கட்டினான் என்றே நான் கொள்கின்றேன்.

முஞ்சிறையிலிருந்து வடக்கே திரும்பி, குழித்துறையில் தாமிரபரணியைக் கடந்தேன். திருநெல்வேலித் தாமிரபரணி வேறு; இது மேற்கு நோக்கிப் பாயும் அதே பெயருடைய ஆறு. ஆடி அமாவாசையில் இங்கு நடக்கும் வாவுபலிக்கு எல்லையின் இருபுறத்தாரும் வருவர். ஆற்றைக் கடந்தால் மார்த்தாண்டம். பழைய பெயர் தொடுவட்டி. 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் இங்கு ஊரகப் பணி நிலையம் ஒன்றை நிறுவித் தேனீ வளர்ப்பைப் பரப்பினார். மார்த்தாண்டம் தேன் இன்று வெளிமாநிலக் கடைகளிலும் கிடைக்கின்றது.

மார்த்தாண்டத்திலிருந்து வடகிழக்காகச் செல்லும்போது நிலம் மெல்ல மெல்ல மேடாகின்றது. தென்னை குறைந்து இரப்பர் மிகுகின்றது. ஏழெட்டுக் கிலோமீட்டரில் சிதறால். வழி கேட்டபோது ஒரு மூதாட்டி, “வெயில் ஏறுமுன்னே ஏறிடணும், மக்களே” என்று கூறி ஒற்றையடிப்பாதையைக் காட்டினார். நாற்பதைக் கடந்த என்னை ‘மக்களே’ என்று அழைத்தது காதிற்கு இனிதாகவே இருந்தது. அங்கெல்லாம் அப்படித்தான் அழைப்பர்.

ஊரார் சொக்கன்தூங்கி மலை என்று கூறும் அக்குன்றின் சாசனப் பெயர் திருச்சாரணத்துமலை. சாரணர் என்போர் ஓரிடத்தில் நில்லாது உலவித் திரிந்த சமண முனிவர். குன்றின் உச்சியருகே இயற்கையாகக் கவிந்த பாறையின் முகத்தில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. பாம்பு படம் விரித்து நிழல் செய்யப் பார்சுவநாதர் நிற்கின்றார். சிங்கத்தோடும் சிறுவரோடும் அம்பிகை இயக்கி நிற்கின்றாள். கருநந்தடக்கனுக்குப் பின் வந்த விக்கிரமாதித்த வரகுணன் என்னும் ஆய் மன்னனின் இருபத்தெட்டாம் ஆண்டு வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று இங்கு உண்டு. பேராயக்குடி அரிட்டநேமி படாரரின் மாணவியாகிய குணந்தாங்கி குரத்திகள் இம்மலைப் படாரியார்க்குப் பொன்னணி அளித்ததை அது கூறுகின்றது. குரத்தி என்றால் பெண் ஆசிரியை. பார்த்திவபுரத்துச் சாலையில் தொண்ணூற்றைந்து இடமும் ஆடவர்க்கே ஒதுக்கப்பட்டிருந்தது. அதே நாட்டில், ஒரு நாள் நடைத் தொலைவிலுள்ள இக்குன்றில், ஒரு பெண் ஆசிரியையாக மதிக்கப்பெற்றுத் தன் பெயரால் கொடை பொறித்தாள். திருச்சாரணத்துக் குரத்திகளின் பெயர் மலைக்கு அப்பால் தொலைவிலுள்ள கழுகுமலைக் கல்வெட்டிலும் காணப்படுகின்றது. அக்குரத்திகள் அங்கும் சென்றிருக்கின்றனர். வண்டியிலா சென்றிருப்பர்? சமணத் துறவியர் ஊர்தி ஏறுவதில்லை.

பிற்காலத்தில், 13ஆம் நூற்றாண்டளவில், இக்குகைக்கோயில் பகவதி கோயிலாக மாறியது. சமணச் சிற்பங்களை எவரும் சிதைக்கவில்லை. பகவதியை வழிபட வந்தோர் தீர்த்தங்கரரையும் கடந்து சென்றனர். எல்லாம் ஒரே பாறைதானே! வட்டெழுத்தைப் படிக்க இன்று அங்கு வருவோரில் நூற்றுக்கு ஒருவராலும் இயலாது. அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டுத் திரும்புகின்றனர். தமிழ் எழுத்தையே படிக்கக் கற்பிக்க வழியின்றிப் பிள்ளைகளை வளர்க்கும் நம் வெளிமாநிலக் குடும்பங்களுக்கு, எழுத்து ஒன்று ஊமையாகிப் போவது எத்தன்மையது என்பதை அப்பாறை காட்டும்.

ஐந்தாம் நாள் அருமனை வழியாகத் திற்பரப்பு. கோதையாறு அகன்ற பாறைப் பரப்பின் மீது விரிந்து வந்து அருவியாக வீழ்கின்றது. கரையிலே மகாதேவர் கோயில். இவ்வாற்றுக்கு மேலே மலையிடுக்கில் பேச்சிப்பாறை அணை இருக்கின்றது. ஹம்ப்ரி அலெக்சாண்டர் மிஞ்சின் என்னும் பொறியாளர் 1897 முதல் 1906 வரை அதனைக் கட்டினார். அணைக்கு அருகிலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றார். நாஞ்சில் நாட்டு வயல்களுக்குப் பாயும் நீர் அது. நான் அணைவரை செல்லவில்லை. திருநந்திக்கரையே என் இலக்கு.

திருநந்திக்கரையில் ஒரு சிறு ஓடையின் அருகே, குடைந்தெடுத்த குகைக்கோயில் இருக்கின்றது. அதன் சுவர்களில் 9, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தனவாகக் கருதப்படும் ஓவியங்களின் சில கோடுகளே இன்று எஞ்சியுள்ளன. கேரளச் சுவரோவிய மரபின் மிகப் பழைய சான்று என்று அம்மரபை ஆராய்வோர் இதனைப் போற்றுவர். அச்சான்று இருப்பது தமிழ்நாட்டில். பத்மநாபபுரத்தைக் கண்டபின் இது நமக்கு வியப்பளிக்கவில்லை.

குகையின் கல்வெட்டுகளில் ஒன்று இராசராசனுடையது; பதினெட்டாம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 1003 அளவில் பொறிக்கப்பெற்றது. காந்தளூரில் கலம் அறுத்தவன் இங்கு என்ன செய்கின்றான்? முட்டம் என்னும் கடற்கரை ஊருக்கு மும்முடிச்சோழநல்லூர் எனப் பெயர் சூட்டி, அதனைத் திருநந்திக்கரை மகாதேவர்க்கு அளிக்கின்றான். அந்த ஊரின் வருவாயைக் கொண்டு, அரசன் பிறந்த ஐப்பசிச் சதயத் திருநாளை ஆண்டுதோறும் கொண்டாடல் வேண்டும். தஞ்சையிலிருந்து எத்தனையோ நாள் வழித்தொலைவிலுள்ள மலையடிவாரத்தில், தாம் ஒருபோதும் கண்டிராத அரசனின் பிறந்தநாளுக்கு மக்கள் கூடி விருந்துண்டிருக்க வேண்டும். வாள் செய்யாத வேலையை விருந்து செய்துவிடும் என்பதைச் சோழ அதிகாரிகள் அறிந்திருந்தனர். கன்னியாகுமரியில் இருந்த ஸ்ரீவல்லவப் பெருஞ்சாலையும் அக்காலத்தில் இராசராசப் பெருஞ்சாலை எனப் பெயர் மாறியது. சாலைகளை ஒழிப்பதைவிடப் பெயர் மாற்றித் தமதாக்கிக்கொள்வதே எளிது என்று அவர்கள் கண்டிருக்கலாம்.

“எப்போது வந்தீர்கள்?” என்ற கேள்விக்கு இந்தச் சாசனங்கள் தரும் விடை கேட்பவருக்கும் விடைகூறுபவருக்கும் ஒருங்கே சங்கடம் தருவது. ஆய் அரசனின் செப்பேடு வடசொல் மிகுந்த தமிழில் இருக்கின்றது. அவன் வளர்த்த வேதியர், அவனுக்குப் பின் பொன்னளித்த குரத்தியர், அவன் நாட்டை வென்ற சோழர், கேசவதாசர் அழைத்த வணிகர் என எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்களே. ‘இது எங்கள் நிலம்’ என்று தமிழர் மார்தட்டுவதற்கு வேண்டிய அளவு தமிழ் அக்கற்களில் இருக்கின்றது. மலையாள மொழி தனித்து உருப்பெறுவதற்கு முன்னைய நிலையை அதே கற்களில் காட்டி மலையாளிகளும் உரிமை கோரலாம். அக்கற்களை வெட்டியவர் இவ்விரண்டு வழக்கையும் கேட்டறியார். 1954இல் புதுக்கடையில் உயிர்விட்டவர்களுடைய வழக்கு அன்றாட வாழ்வைப் பற்றியது. பள்ளியிலும் கச்சேரியிலும் தம் மொழி வழங்க வேண்டும் என்பது. அது நேரியது, அதற்குக் கல்வெட்டின் துணை தேவையில்லை. சாலையில் பிறந்து வளர்ந்த தமிழ்க் குழந்தைக்கும் அதே நேர்மையான தேவை உண்டு. அக்குழந்தை மலையாளமும் செவ்வையாகக் கற்றல் வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

நடக்க விரும்பும் நேயர்களுக்கு ஒரு செய்தி. மாசி மாதம் சிவராத்திரியை ஒட்டி இப்பகுதியில் சிவாலய ஓட்டம் நடைபெறுகின்றது. முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு வழியாகத் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயங்களை, ஏறத்தாழ நூற்றுப்பத்துக் கிலோமீட்டர், ஒரு பகலும் ஓர் இரவுமாகக் கடப்பர். காவி உடுத்து, கையில் விசிறி ஏந்தி, கோவிந்தன் பெயரைக் கூவிக்கொண்டு சிவன் கோயில்களுக்கு ஓடுவர். பன்னிரண்டாவது கோயிலில் சங்கரநாராயணனாக இருவரும் ஒன்றாகக் காட்சியளிக்கின்றனர். கேரளத்திலிருந்தும் பலர் வருகின்றனர். பத்மநாபபுரக் கோட்டைக்குள் உள்ள கல்குளம் ஏழாவது. திருநந்திக்கரை நான்காவது, அங்கு ஓடைக்கரையில் ஓட்டக்காரர்கள் சிறிது இளைப்பாறுவர். ஓட இயலாதோர் இரண்டு மூன்று நாள் முன்னதாகவே புறப்பட்டு மெல்ல நடக்கலாம். திருவனந்தபுரத்திலிருந்து மார்த்தாண்டத்திற்கும், மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரத்திற்கும் பேருந்துகள் உண்டு. குலசேகரத்திலிருந்து திருநந்திக்கரைக்குச் செல்லும் வழி இரப்பர்த் தோட்டங்களின் நிழலிலேயே செல்வதால் நண்பகலிலும் நடக்கலாம்.